கம்பிக்கடியில் சரிந்த வைக்கோல்போர்

முருகனை நம்பும் அன்பர்களே! கழுத்துவரை வைக்கோலில் புதைந்து, தலைக்கு மேலே மின்சாரக் கம்பி சீற, இத்தோடு நம் கதை முடிந்தது என்று கண்ணை மூடியவன் நான். பெயர் செங்கோடன். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவன். அன்று முருகன் என் வேண்டுதலைக் கேட்கவே இல்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

மேட்டூர் மின்சாரக் கம்பி எங்கள் வயலுக்கு மேலே போன முதல் வருஷம் அது. அடியில் மரம் இருக்கக் கூடாது என்று களத்துமேட்டுப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நிழல் இல்லாத, ஈரம் தங்காத மேடு வைக்கோல்போர் போடக் கிடைத்துவிட்டதே!

கம்பி வேலை பார்த்த லைன் மேஸ்திரி வீடு தேடி வந்தே சொன்னார். "இதுக்கடியில போர் போடாதீங்க. கம்பியைத் தொடோணும்னு இல்லீங்க, கிட்டப் போனாலே இழுத்துப் போட்டுரும்."

"தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நான் நடந்துவிட்டேன். என் மனைவி பாவாயிதான் அவரை நிறுத்தி, கம்பி மேல் ஏதாவது விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் குடைந்து குடைந்து கேட்டாள். அன்று மாலையே என்னிடம் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, அந்தக் கம்பியில காக்கா கூட உக்கார மாட்டேங்குது. நீங்க எதுக்குங்க அதுக்கடியில ஏறோணும்?"

"காக்காயா போர் போடப் போகுது?" என்று அவள் வாயை அடைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பங்காளி நல்லப்பண்ணன் போர்தான் வருஷா வருஷம் ஊரிலேயே உயரம். அது என் கண்ணை உறுத்தியது. கிருத்திகைக்கு விரதம் இருந்து, "முருகா, இந்தத் தையிலாவது என் போர் அவர் போரைவிட உயரமா நிக்கோணும்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுவதற்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நீங்கள் சிரிக்கலாம். நானே இப்போது சிரிக்கிறேன்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை. காலையில் லேசான தூறல். இரண்டு ஆட்கள் கீழேயிருந்து வைக்கோலை வீச, நான் மேலே நின்று மிதித்து மிதித்துப் போரை ஏற்றினேன். மத்தியானத்துக்குள் நல்லப்பண்ணன் போர் உயரம் வந்துவிட்டது. அவரே வந்து இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உச்சி சாயாமலிருக்க நடுவில் ஒரு மூங்கில் நடுவது என் வழக்கம். வெட்டி ஒரு நாள்கூட ஆகாத பச்சை மூங்கில், தூறலில் நனைந்தது வேறு. அதன் அடியைப் போருக்குள் குத்தி, சாய்ந்து கிடந்த நுனியை நிமிர்த்தக் கை நீட்டினேன்.

கை அதைத் தொடவில்லை. அதற்குள் போர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. நான் ஒரு பக்கம் விழுந்து கழுத்துவரை வைக்கோலில் புதைந்தேன். மூங்கில் மறுபக்கம் சாய்ந்து, நுனி கம்பியில் பட்டது. வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். பிறகு 'உஸ்' என்ற சீறல். மூங்கில் கருகும் வாசம் மூக்கில் ஏறியது.

நல்லப்பண்ணன் என்னை இழுக்க ஓடி வந்தார். களத்துக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த பாவாயி குறுக்கே கையை விரித்து நின்றாள்.

"ஒருத்தரும் கிட்டப் போகாதீங்க! மண்ணுலயும் கரண்டு பாயும், காலைப் புடிச்சு இழுக்கும்! ஆரையாச்சும் லைன் ஆபீசுக்கு ஓடச் சொல்லுங்க!" பிறகு என்னைப் பார்த்து, "அப்படியே கெடங்க, அசையாதீங்க" என்றாள்.

கிடந்தேன். "முருகா, போரும் வேண்டாம், உயரமும் வேண்டாம், என்னை இவளிடம் சேர்த்துவிடு" என்று அழுதேன். அப்போது மூங்கில் பக்கம் புகை கிளம்பி, வைக்கோல் பற்றிக்கொண்டது. இனி கிடக்க முடியாது.

"எந்திரிங்க! ரெண்டு காலையும் ஒட்டி வச்சுக் குதிச்சு வாங்க! காலை அகட்டாதீங்க, எதையும் தொடாதீங்க!" என்று பாவாயி கத்தினாள். மேஸ்திரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சைக் கேட்காதவன் அன்று கேட்டேன். வைக்கோலை உதறி எழுந்து, பேரன் எடுத்த வயதில், ஊரே பார்க்கத் தவளை மாதிரி தத்தித் தத்தி வரப்பு தாண்டினேன். அவளிடம் போய் விழுந்தபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மேஸ்திரி வந்தார். கரிக்கட்டையாகக் கிடந்த மூங்கிலைக் காட்டி, "இதை நிமுத்தியிருந்தா நீங்களும் இப்படித்தானுங்க" என்றார். வைக்கோல் பாதிக்கு மேல் சாம்பல். மாட்டுக்குத் தீனி நல்லப்பண்ணன் போரிலிருந்துதான் வந்தது. பாவம், அந்த வருஷம் அவர் போரும் குட்டையாகிவிட்டது!

அடுத்த கிருத்திகைக்கு முருகன் மலைக்குப் போனோம். பாவாயி மடியிலிருந்து தேங்காயை எடுத்தாள். "இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"போர் உசரமா நிக்கோணும்னு நீங்க வேண்டுனீங்க. நீங்க கம்பியத் தொடறதுக்குள்ள அது சரிஞ்சு போகோணும்னு நான் வேண்டுனேன்" என்றாள்.

அந்தச் சந்நிதியில் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன். இப்போதெல்லாம் போர் போடும் இடத்தை அவள்தான் காட்டுகிறாள். ஏணி சாத்தும்முன், மூங்கில் தூக்கும்முன், வண்டியில் பாரம் ஏற்றும்முன் ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறேன். அன்பர்களே, நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு முருகனை நம்பி வேலையைத் தொடங்குங்கள். நீங்கள் கேட்டதை அவன் தராவிட்டால் மனம் கசக்காதீர்கள். முதலில் வீட்டுக்குப் போய், உங்களுக்காக அங்கே யார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.