கஸ்தூரி எழுதியதும் அவர்கள் வெட்டியதும்

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. கஸ்தூரியின் படம், ஒரு ரோஜா, ‘ஆழ்ந்த இரங்கல்’. அதன்கீழே கும்பிடும் கைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. எப்படி இறந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய தங்கையை அழைத்தேன். “கேன்சருண்ணே. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாக,” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மதுரையில் ஒரு செய்தி நிறுவனத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் வேலை பார்த்தோம். அவர் நிருபர், நான் துணையாசிரியர். ஆரம்பத்தில் வார இதழ். பிறகு இதழ் நின்று, செல்போனில் பார்க்கும் குட்டி வீடியோக்கள் மட்டும் மிஞ்சின. நாங்களெல்லாம் மாறிக்கொண்டோம். அவர் மாறவில்லை. இனிமையானவர் என்று பொய் சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும், “அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?” என்று கேட்பார். அதைச் சொன்னால், அதற்கும் முந்தியதைக் கேட்பார். அவர் வருவதைப் பார்த்ததும் டீக்கடையிலிருந்து நழுவியவர்கள் உண்டு.

மதுரையை அடுத்த பரவைக்கு அப்பால் ஒரு பள்ளி வேன் கண்மாய்க்குள் கவிழ்ந்தது. ஒரு சிறுமி இறந்தாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாக வெளியேறி ஓடுவது கரையோரக் கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. ‘பிள்ளைகளைச் சாகவிட்டு ஓடிய டிரைவர்’ என்று ஊரெல்லாம் அந்த வீடியோ சுற்றியது. நாங்களும் போட்டோம்.

“ஓடுனான், சரி. எங்க ஓடுனான்?” என்றார் கஸ்தூரி. அந்தக் கேள்வியோடு வாரக்கணக்கில் அலைந்தார். ஓட்டுநர் மாரிச்சாமி ஓடியது பக்கத்துப் பட்டறைக்கு, கடப்பாரை எடுக்க. திரும்பி வந்து, நசுங்கிக் கிடந்த பின்கதவை நெம்பி, பிள்ளைகளை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் கேமரா இல்லை. பிரேக் சரியில்லை என்று வேன் முதலாளியிடம் பலமுறை சொன்னவரும் அவர்தான். “பயமா இருந்தா சாவிய வச்சுட்டுப் போ,” என்பதே கிடைத்த பதில். வேலை போய்விடும் என்று வேனை எடுத்தார். “பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்சுதாங்க்கா எடுத்தேன்,” என்று அவர் அழுததையும் கஸ்தூரி மறைக்காமல் எழுதினார்.

ஆசிரியர் கட்டுரையின் நீளத்தைப் பார்த்தார். “இம்புட்டையும் எவன் படிப்பான்? அவன் நல்லவனா, கெட்டவனா? ஒண்ணச் சொல்லுங்க.”

“ஒண்ணுல அடங்கல சார். அதுக்குத்தான் இம்புட்டு.”

கட்டுரை வரவில்லை. கஸ்தூரி பதிவு செய்திருந்த பேட்டியிலிருந்து, மாரிச்சாமி அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி, இசை சேர்த்து வீடியோவாகப் போட்டார்கள். அன்று மாலையே, அதைப் பார்த்தவர்கள் மாரிச்சாமியை வீடு புகுந்து அடித்தார்கள். ஒரு கண் போயிற்று. நாங்கள் போட்டவற்றிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான் என்று ஆசிரியர் கேக் வெட்டினார்.

கேக் தட்டுகள் மேசையில் கிடக்கும்போதே மாரிச்சாமியின் மனைவி வந்தார். “எங்க வீட்ல உக்காந்து சாப்ட்டீகளேக்கா. இதுக்குத்தானா?” அந்த வீடியோவைத் தான் போடவில்லை என்றுகூடக் கஸ்தூரி சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

முழுக் கட்டுரையையும் தன் செலவில் சிறு நூலாக அச்சிட்டார். பரவையில் வீடு வீடாகக் கொடுத்தார். மார்க்கெட்டில் அதன் தாளைக் கிழித்துக் கறிவேப்பிலை மடித்துத் தந்ததை அவரே பார்த்துவிட்டு வந்து சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஒருவர் படித்திருந்தார். இறந்த சிறுமியின் தந்தை சின்னராசு. கஸ்தூரியின் வீட்டுக்கு அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். “முழுசாப் படிச்சேன்க்கா. அவன என்னால மன்னிக்க முடியாது. ஆனா இத முன்னாடியே படிச்சிருந்தா அவன் கண்ண எடுத்திருக்க மாட்டேன்.”

கஸ்தூரி ஆறுதல் சொல்லவில்லை. “உக்காருங்க. நீங்க அடிச்சதையும் எழுதணும். ஆரம்பத்துலருந்து சொல்லுங்க,” என்றார். அந்த மனிதர் குலுங்கி அழுதார். அவர் அழுது முடியும்வரை காத்திருந்து, கஸ்தூரி பேனாவை எடுத்தார். அப்போது அவரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதன் பிறகுதான் சின்னராசு, வேன் முதலாளியையும் விபத்து வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார். முதலாளியின் வேன்கள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தத்தனேரி மயானத்துக்கு ஆசிரியர் கேமராவோடு வந்தார். பாடையருகே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, தீ மூட்டும் முன்பே போய்விட்டார். மாரிச்சாமி வந்திருந்தார். சின்னராசுவும் வந்திருந்தார். வெகுநேரம் தள்ளித் தள்ளியே நின்றார்கள். பிறகு சின்னராசுதான் அருகில் போனார்.

“முதலாளி சொன்னதக் கோர்ட்ல சொல்லுவியா?”

“சொல்லுவேண்ணே. தெரிஞ்சே நான் வண்டிய எடுத்ததையும் சொல்லுவேன்.”

சின்னராசு தலையசைத்தார். கை நீட்டவில்லை. எரியும் சிதையைப் பார்த்தபடி இருவரும் நின்றார்கள்.

போய் வாருங்கள், கஸ்தூரி. உங்களைப் பற்றிய இந்தக் கட்டுரையையும் சுருக்கித் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.