காமிராவுக்குப் பக்கத்து ஸ்டூல்

"ஆம்பூர்ல ஒரு கம்பெனில டி.வி. முன்னால பேசக் கத்துக்குடுக்கறாங்களாம். இன்னா வேலைடா அது!"

பள்ளிகொண்டாவில் பஸ் நின்றபோது முன்சீட்டில் யாரோ சொல்லிச் சிரித்தார். அந்த வேலைக்குத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனி. ஜெர்மனிக்காரர்கள் நேரில் வருவது குறைந்து, வீடியோ கான்ஃபரன்ஸில் வரத் தொடங்கிய காலம். சூப்பர்வைசர்களை அதில் பயமில்லாமல் பேசவைப்பது என் பொறுப்பு, அதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது மேனேஜர் பொறுப்பு. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே பேச்சு நின்றுபோகும் என் கூச்ச இனத்தாரே, அடுத்தவரைப் பேசவைக்கும் தொழிலில் நம்மைப் போன்றவர்கள்தான் வந்து மாட்டுகிறோம்.

தொட்டுப் பாருங்க சார்

தோல் தரம் பிரிக்கும் கௌஸ் பாய் ஒத்திகையில் கணீரென்று பேசினார். காமிரா முன்னால் வந்ததும், "சாஃப்ட் சார், டச் பண்ணிப் பாருங்க" என்று தோலை அப்படியே நீட்டிவிட்டார். எதிரே இருப்பவர் கையில் கொடுத்தே பழகியவர். தோல் காமிராவை மூடி, ஜெர்மனியில் டி.வி. இருட்டாகிவிட்டது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தொடாம இன்னாம்மா தோலு? போட்டோவ மட்டும் பாத்து நிக்காஹ் பண்ற மாதிரி இருக்குது."

கண்ணை மூடிக்கொண்டவர்

தையல் பிரிவு எஸ்தர் அக்கா அதுவரை சபையில் ஜெபம் பண்ணும்போது மட்டுமே பலர் கேட்கப் பேசியவர். காமிராவில் விளக்கு எரிந்ததும் கை குவிந்தது, கண் மூடியது. அந்த மாத வேலை விவரம் முழுக்க ஏற்ற இறக்கத்தோடு, தடங்கலில்லாமல் வந்தது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரும் தலை குனிந்துகொண்டார். கடைசியில் 'ஆமென்' வந்துவிடக் கூடாதே என்று நடுங்கினேன். வந்தேவிட்டது.

"கண்ணத் தொறந்தா பேச்சு வர மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

இருட்டு டி.வி.

அதற்காகத்தான் காமிராவை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். "ஜெர்மனிய மறந்துடுங்க, எங்கிட்ட சொல்லுங்க" என்று கிசுகிசுப்பேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள், அங்கே கேட்டது. நான் மட்டும் ஒருநாளும் படத்தில் இல்லை. புது ஷூ மாடல்களுக்குக் குறிப்பு எழுதுவது நான், அதைப் பேசுவது வேறு யாரோ.

எல்லோரும் சாப்பிடப் போனபின் காமிரா முன்னால் பேசுகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்காருவேன். அணைந்த டி.வி.யில் மங்கலாகத் தெரியும் என் முகத்திடம், "மை நேம் இஸ் ஹேமலதா" என்பேன். அதற்கு மேல் போனதில்லை. ஒருநாள் டிபன் பாக்ஸை மறந்து திரும்பிவந்த எஸ்தர் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எங்களுக்கெல்லாம் தைரியம் குடுத்துட்டு, நீ இருட்டு டி.வி. கிட்டயா பேசிட்டிருக்க?"

யார் அது?

அடுத்த மீட்டிங்கில் ஜெர்மன் அம்மையார் கேட்டார், ஓரத்திலிருந்து கிசுகிசுப்பது யார் என்று. "அது ஒண்ணுமில்ல மேடம், எங்க ஸ்டாஃப்" என்று இங்கிலீஷில் சொல்லி மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பேசிக்கொண்டிருந்த எஸ்தர் அக்கா பாதியில் எழுந்தார். மேசையைச் சுற்றிவந்து, என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். தான் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லும்மா."

நான் என் பெயரைச் சொன்னேன்.