தசரா முடிந்த பிறகும் வேஷம் கலையாத குழந்தை

இதில் என் மகளின் பேரை எழுதப் போவதில்லை. எங்கள் தெருவின் பேரையும் எழுதமாட்டேன். அவளை யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போன ஐப்பசி முழுவதும் கழிந்தது. அந்தப் பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஆனால் பயத்தை மட்டும் எழுதிவைத்தால் அது பாதிப் பொய்யாகிவிடும். அதைவிடப் பெரிதாக ஒன்று மனசில் நிற்கிறது.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். அவளுடைய அப்பா மஸ்கட்டில். சாயங்காலம் அவள் டியூஷன் முடிந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள், நான் ஆபீசிலிருந்து நேராக அங்கே போவேன், இரண்டு பேரும் ஒரே டவுன் பஸ்ஸில் வீடு திரும்புவோம். அன்றைக்கு பஸ் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடமும் இருந்தது. நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அவள் பின்னால் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஜூஸ் கடைக்கு எதிரே காளி வேஷம் போட்ட ஒரு சின்னப் பெண் நின்றாள். ஆறு வயது இருக்கும். முகமெல்லாம் நீலச் சாயம், கறுப்புக் கம்பளி நூலில் சடை, அட்டையில் செய்த கிரீடம், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கையில் ஒரு தட்டம். போகிறவர்கள் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என் மகள் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. தசரா வந்தால் நேர்ச்சை, அதாவது வேண்டுதல், உள்ளவர்கள் கையில் காப்புக் கட்டி, காளியாகவோ ராஜாவாகவோ குரங்காகவோ வேஷம் போட்டு, வீடுவீடாகப் போய்க் காணிக்கை பிரிப்பார்கள். கை நீட்டி வாங்குவதுதான், ஆனால் அதைப் பிச்சை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிரிந்த காசு கோவிலுக்குப் போய்விடும். பத்தாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்து வேஷத்தைக் கலைத்துவிடுவார்கள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் வாசலில் காளி வந்து நின்றால் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

“அம்மா, தசரா முடிஞ்சாச்சில்லா?” என்றாள் மகள்.

“முடிஞ்சி எவ்வளவு நாளாச்சி. ஏறு மக்கா, சீட்டு போயிரும்.”

“பொறவு இவ எதுக்கு இன்னும் காளியா நிக்கா?”

 மகளுடைய உயிர்த் தோழி எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண். இந்த வருஷம் அவளும் காப்புக் கட்டினாள். காப்பு அவிழ்த்த மறுநாள் காதோரத்தில் சாயம் போகாமல் பள்ளிக்கூடம் வந்தவளை இவள் ‘குட்டிக் காளி’ என்று கூப்பிட்டே அழவைத்திருக்கிறாள். அதனால் இவளுக்கு நாள் தெரிந்திருந்தது. அந்த பஸ் ஸ்டாண்டில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் வேஷத்தைப் பார்த்தோம், நாளைப் பார்க்கவில்லை. வேற்றூர்க்காரர் யாராவது வந்திருந்தால், இந்தக் குழந்தை ஏன் கையேந்தி நிற்கிறது என்று ஒருவேளை கேட்டிருப்பார். எங்களுக்கு வழக்கம் தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை.

மகள் போய்க் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “சாப்பிட்டியா பிள்ளே?”

குழந்தை ஜூஸ் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே ஒரு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். “ராத்திரி தருவாக” என்றது. உதடு வெடித்து, சாயத்தோடு தோலும் உரிந்திருந்தது.

“ஸ்கூலுக்குப் போவியா?”

“சேத்துவிடுவேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தாக.”

மகள் எழுந்து வந்து என் பையிலிருந்து போனை எடுத்தாள். குழந்தைகளுக்கான உதவி எண்ணை அவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். தினமும் பார்க்கிற சுவர், அதனால் எண் அவளுக்கு மனப்பாடம். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“வேண்டாம் மக்கா. நம்ம வேதக்காரங்க. வேற ஆளுவளுக்க நேர்ச்சையில நாம கை வச்சா என்ன பேச்சு வரும்னு உனக்குத் தெரியாது.”

“அவ நேர்ச்சையில நிக்கல்லம்மா. பசியில நிக்கா. கைய விடுங்க.”

இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு என் பயத்தை விளக்க வேண்டியதில்லை. கோவிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். கல்யாணச் சாப்பாடு மூன்று பக்கமும் போகும். ஆனாலும் எந்தப் பேச்சை எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். பிடித்த கையை நான் விட்டேனா, அவள் உருவிக்கொண்டாளா என்று இப்போது யோசித்தாலும் தெளிவாக இல்லை.

மகள் அந்த எண்ணுக்குப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பருத்திச் சுடிதாரில், கழுத்தில் அடையாள அட்டையோடு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்ப்பவள். இன்னொருவர் சாதாரணச் சேலையில். அவர் போலீஸ் என்று பிறகுதான் தெரிந்தது. குழந்தை விஷயமாக வரும்போது சீருடை போடாமல்தான் வரவேண்டுமாம். அவர்களைக் கண்டதும் ஜூஸ் கடை ஆள் பாய்ந்து வந்தான்.

“ஏய், ஆரு நீங்க? அம்மைக்கு நேந்த பிள்ள இது! தொட்டா வெளங்கமாட்டிய!”

நேர்ச்சை என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் கூடிவிட்டது.

“நேந்த பிள்ளைய எதுக்குப் பிடிக்கியோ?”

“போன் பண்ணினது அந்த ஸ்கூல் பிள்ளையாக்கும்.”

“கழுத்துல சிலுவை கெடக்கு, பாத்தியளா?”

யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினான். நான் ஓடிப்போய் என் முந்தானையை இழுத்து மகளின் தலையோடு மூடினேன். “மழையா பெய்யுது அக்கா?” என்று ஒருவன் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள்.

சுடிதார்க்காரி குரலை உயர்த்தவே இல்லை. “நேர்ச்சையப் பத்தி நான் ஒரு வார்த்தையும் கேக்கல்ல அண்ணாச்சி. பிள்ளைக்க பேரு என்ன?”

அவன் ஒரு பேரைச் சொன்னான். அவள் மண்டியிட்டு, குழந்தையின் காதருகே குனிந்து அதே கேள்வியைக் கேட்டாள். குழந்தை வேறொரு பேரைச் சொன்னது. சத்தமாக, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல.

கூட்டத்தில் அதுவரை அதிகமாகக் கத்தியவர்தான் முதலில் திரும்பினார். “லேய், பிள்ளைக்க பேரு தெரியாதவனுக்கு என்னலே நேர்ச்சை?” அந்த ஆள் நழுவப் பார்த்தான். டீக்கடைக்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்கள். சேலை கட்டிய போலீஸ்காரர் அவனை அழைத்துப் போனார். சுடிதார்க்காரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் தோளெல்லாம் நீலம் ஒட்டியது.

ஆனால் மறுநாள் காலையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவில் இந்தப் பின்பாதி இல்லை. ‘நேர்ச்சைக் குழந்தையைப் பிடித்துக் கொடுத்த மாணவி’ என்று தலைப்புப் போட்டு, சிலுவை என்ற பேச்சு வருகிற இடத்தோடு வெட்டிவிட்டிருந்தார்கள். என் முந்தானையின் புண்ணியத்தில் முகம் தெரியவில்லை. தெரிந்தது யூனிபார்மும், ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ஒரு ஜடையும். நாகர்கோவிலில் அந்த ஜடை தெருவுக்குத் தெரு உண்டு. என்றாலும் என் கண்ணுக்கு அது என் பிள்ளையின் ஜடையாக மட்டுமே தெரிந்தது. மஸ்கட்டிலிருந்து போன் வந்தது.

“நீ பக்கத்துல நின்னு என்ன செய்த?”

“பிடிச்சி இழுத்தேன். வரல்ல.”

“உனக்க பிள்ளையில்லா, சொன்னா கேப்பாளா?” என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் போனை வைக்கும் முன் அந்தக் குழந்தை சாப்பிட்டதா என்று அவரும் கேட்டார்.

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கதவைப் பூட்டிக்கொண்டேன். இயற்பியல் பரிட்சை போய்விட்டது என்று அவள் உள்ளே அழுதாள். அப்போதுதான் தோழியின் அம்மா கதவைத் தட்டினார்.

“மைனி, கதவத் தொறங்கோ. எதுக்கு களவு செய்த ஆளுவள மாதிரி பூட்டிக்கிட்டு இருக்கியோ?”

உள்ளே வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்து, குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். “எனக்க மோளுக்குக் காப்புக் கட்டிவிட்டவ பேசியேன். சூரசம்காரம் முடிஞ்சி, காப்பு அவுத்து, வேஷம் கலைச்சாச்சி. அதுக்க பொறவும் ஊரான் வீட்டுப் பிள்ளைய வெயில்ல நிறுத்தி, எங்க அம்மைக்க பேரச் சொல்லித் தின்னுருக்கான் ஒருத்தன். அவனுக்க வீடியோவ எவனாவது போட்டியளா? அந்த ஸ்கூல் பிள்ள பிடிச்சிக் குடுத்தது காளிய இல்ல, களவாணிய. இனி எவனாவது இத பார்வேர்ட் பண்ணினா, அவன் வீட்டு வாசல்ல நான் வேஷம் கட்டாமலே காளியா வந்து நிப்பேன், கேட்டியளா.”

 பிறகு யாரோ கும்பிடுகிற ஸ்டிக்கர் ஒன்றை அனுப்பினார். மதியத்துக்குள் வீடியோ காணாமல் போனது.

ஆனால் எங்கள் குழுவில் போனால் ஊரில் போய்விடுமா? ‘யார் அந்தப் பிள்ளை’ என்ற கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சுடிதார்க்காரி கூப்பிட்டாள். குழந்தைகள் நலக் குழு உட்காரப் போகிறது, மகள் கண்டதை வந்து சொன்னால் உதவியாக இருக்கும், கட்டாயம் எதுவும் இல்லை, பேர் எங்கேயும் வெளியே வராது என்றாள். நான் முடியாது என்றேன். “நான் வாறேன்னு சொல்லுங்கம்மா” என்று பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

இத்தனை வருஷமாக மாநகராட்சிக்கு வீட்டுவரி கட்டுகிறேன், தண்ணீர் வராவிட்டால் போய்ச் சண்டை போடுகிறேன். இந்த ஊரில் எந்தக் குழந்தை எங்கே தவித்து நின்றாலும் அதைப் பற்றி முடிவெடுக்க ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் வார்டிலேயே கவுன்சிலரும் அங்கன்வாடி டீச்சரும் சேர்ந்த ஒரு கமிட்டி இருப்பதும் தெரியாது. கோர்ட்டு போல இருக்கும் என்று நினைத்துப் போனேன். உயரம் குறைந்த மேஜை, கலர் பென்சில், சுவரில் யானை. தலைவி பெரியவர், வாத்தியார் கண்ணாடி போட்டவர்.

நாங்கள் வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து அலுவலக உதவியாளரிடம் கேட்டார். “கம்ப்ளைண்ட் குடுத்தது ஆருன்னு எனக்குத் தெரியணும்.”

 தலைவி அறையிலிருந்து எழுந்து வந்தார். “நீங்க குழந்தைக்குச் சொந்தமா?”

“இல்ல. ஊர்க்காரன்.”

“குழந்தையப் பத்திச் சொல்ல ஏதாவது இருக்கா?”

“சொன்னது ஆருன்னு மட்டும்…”

“அத இந்தக் கட்டடத்துல யாரும் சொல்லமாட்டோம். எழுதிக் கேட்டாலும் சொல்லமாட்டோம். வெளியில இருங்க.”

அவர் வெளியே போகிற வழியில் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். “நீங்க எதுக்கு வந்திருக்கியோ?”

“சர்ட்டிபிகேட் வாங்க அங்கிள். நேரமாவுது” என்றாள் என் மகள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பொய் சொன்னதற்காக அவளை நான் கண்டிக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சாயத்தைக் கழுவாமல் பல நாள் மேலே மேலே பூசியிருக்கிறார்கள் என்றாள். அது எப்படித் தெரியும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். “நெயில் பாலிஷ் மாதிரிதான் சார். அழிக்காம மேல போட்டா ஓரத்துல அடுக்கு தெரியும்.” எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“போன் பண்ணப் பயமா இல்லையா?” என்று தலைவி கேட்டார்.

“இருந்திச்சு மேடம். அம்மாக்கு என்னவிடக் கூட. ஆனாலும் அம்மா கைய விட்டாங்க.”

நான் விட்டதாக அவள்தான் முடிவு செய்திருக்கிறாள். அந்த அறையில் அத்தனை பேருக்கு முன்னால் எனக்கும் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கிளம்பும்போது அவள் திரும்பி நின்று ஒன்று சொன்னாள்.

“அந்தக் கிரீடம் பிடிக்கும்னு அவ என்கிட்ட சொன்னா மேடம். காளி வேஷம் கெட்டதுன்னு அவகிட்ட யாரும் சொல்லிராதீங்க.”

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பெற்ற பிள்ளைதானா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஞாயிறுதோறும் பைபிளை மடியில் வைத்துத் தூங்கி விழுகிறவள்.

அந்த ஆள் குழந்தைக்கு எந்த உறவும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. வேறு மாவட்டத்தில் செங்கல் சூளையில் வேலை செய்யும் தாயிடம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கவைப்பதாகச் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். அந்த மாவட்டத்துக் குழுவோடு பேசித் தாயைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் ஒப்படைத்துவிடவில்லை. தாய் இருக்கிற இடம், பக்கத்துப் பள்ளிக்கூடம், மறுபடி யாராவது கூட்டிப்போக வழி இருக்கிறதா, எல்லாவற்றையும் அங்கே ஆள் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை இங்கே பெண் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்தார்கள். இவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

தை மாதம் பஸ் ஸ்டாண்டில் சுடிதார்க்காரியைப் பார்த்தோம். மகள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அவ இப்போ எங்க இருக்கா?”

“சொல்லக் கூடாது மக்கா.”

“ஊரு மட்டும்?”

“ஊரும் சொல்லக் கூடாது.”

“ஸ்கூலுக்குப் போறாளான்னாவது சொல்லுங்க.”

அவள் சிரித்தாள். “உனக்க பேரக் கேட்டு எத்தன பேரு வந்தாவ தெரியுமா? அவங்களுக்குத் தொறக்காத வாயாக்கும் இது. உனக்கு மட்டும் தொறக்குமா?”

மகளுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கோ, அந்தப் பதிலைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல்லில் பாதி இறங்கியதுபோல இருந்தது. எங்கள் ஊரில் இப்படி வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பஸ் ஒழுகினசேரிப் பாலம் தாண்டியது. அவள் என் தோளில் இடித்தாள்.

“அவ ஸ்கூலுக்குத்தான் போறாம்மா. இல்லேன்னா அந்த அக்கா அப்பிடிச் சிரிச்சிருக்க மாட்டாங்க.”