அவளுடைய சின்ன இங்கிலிஷ்

அவளுடைய கட்டுரை கொழும்பு இங்கிலிஷ் பேப்பரில் வந்த அன்று, தலைமையாசிரியர் அதை ஆசிரியர் அறையில் எழுந்து நின்று வாசித்தார். அதே பேப்பருக்கு நான் மூன்று வருசமாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் நாங்கள் இருவரும் நெடுங்கேணியில் ஒரே ஆசிரியர் விடுதியில் இருந்தோம்.

"எவ்வளவு லேசாய் எழுதியிருக்கிறா, பாருங்கோ! எனக்கே அகராதி தேவைப்படேல்லை" என்றார் தலைமையாசிரியர்.

"ஓம், சின்னப் பிள்ளையளின்ர இங்கிலிஷ்தானே" என்றேன் நான். அவர் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பிறகு என் குடும்பம் விசுவமடுவில் காணி கிடைத்து வயலோடு குடியேறிவிட்டது. ஆனாலும் என் இங்கிலிஷ் வெள்ளைக்காரத் துரைசாணியின் இங்கிலிஷ் மாதிரி என்று ஊரில் சொல்லுவார்கள். நீளமான சொற்கள் எனக்கு நகை மாதிரி. அவளோ முள்ளிவாய்க்கால்காரி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பேசும்போது இங்கிலிஷ் அவளுக்குத் தடக்கும். என்னைவிட ஐந்து வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

வந்த புதிதில் என் அலுமாரியைப் பார்த்து, "அக்கா, இந்தப் புத்தகத்தை எடுத்து வாசிக்கட்டோ?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசாகக் கிடைத்த புத்தகம் அது. பழைய இங்கிலிஷ் எழுத்தாளர்கள், வசனம் எப்படி எழுத வேண்டும் என்று சொன்னவற்றை ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். அதன் தங்க எழுத்து முதுகுக்காகவே நான் அதை வைத்திருந்தேன். அவள் வாசித்தாள். சோறு வேகும் நேரத்தில் குசினிப் படியில் இருந்துகொண்டு, தான் எழுதியதை வாய்விட்டுப் படிப்பாள். ஓரிடத்தில் மூச்சு முட்டினால் அந்த வசனத்தை இரண்டாக உடைப்பாள். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது வேடிக்கையாக இல்லை. என் புத்தகத்தை வாசித்துத்தானே அவள் முன்னுக்கு வந்தாள்! கட்டுரை வந்த அன்று பின்னேரமே கேட்டேன்.

"அந்தப் புத்தகத்தைத் தாரும். எனக்குத் தேவை."

அவள் உடனே கொண்டுவந்து தந்தாள். பழுப்புத் தாளில் அழகாக உறை போட்டிருந்தாள். "நல்ல புத்தகம் அக்கா. நீங்கள் எழுதினதையும் ஒருக்கா வாசிக்கத் தாங்கோவன்" என்றாள்.

"பார்ப்பம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். ஞாயிறு பூசை முடிந்துதான் திரும்புவாள். அவளுடைய கட்டுரையையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் புத்தகத்துப் பெரிய மனிதர்களைக் கொண்டே அவளுக்குப் பிழை பிடிக்கவேண்டும்.

ஒருவர் சொல்லுகிறார், சுற்றி வளைக்காதே, நடந்ததில் தொடங்கு என்று. அவளுடைய முதல் வசனமே, காற்று மாறியதும் அம்மா கரைக்குப் போனாள் என்றிருந்தது. இன்னொருவர், ஒரு சொல் போதுமான இடத்தில் மூன்று சொல் வைக்காதே என்கிறார். நான் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தேன். ஒரே ஓரிடத்தில் இன்னும் நல்ல சொல் ஒன்று எனக்கு அகப்பட்டது. சந்தோசத்தோடு அதை வைத்து வாசித்தேன். வசனம் நொண்டியது. அவளுடைய சொல்லையே திரும்ப வைத்தேன்.

பிறகு, ஏனோ, என் கட்டுரை ஒன்றை எடுத்தேன். வன்னியில் விடியற்காலை என்பது தலைப்பு. ரோஜா விரல்களால் கீழ்வானத்தின் திரையை விலக்கும் தேவதையில் தொடங்கியிருந்தேன். நெடுங்கேணியில் எத்தனையோ விடியலைப் பார்த்தவள் நான், அந்தத் தேவதையை ஒருநாளும் கண்டதில்லை. வெட்டினேன். அடுத்ததையும் வெட்டினேன். வெட்டி முடித்தபோது மிஞ்சியது, சூரியன் எழுந்தது, எருமைகள் குளத்துக்குப் போயின என்பது மட்டும்தான். மூன்று வருசமாக நான் அனுப்பியவை எல்லாம் இவ்வளவுதானா? அவள் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஆத்திரத்தில் சத்தம் போட்டு அழுதேன்.

அழுது முடிந்ததும் எனக்கு உண்மையில் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். விசுவமடுவுக்குப் போன முதல் வருசம் எங்கள் வயலில் யானை இறங்கியது நினைவுக்கு வந்தது. கதிர் முற்றிய பயிர். ஐயா தகரத்தை அடித்தபடியே நின்றார், யானைகள் போகவில்லை. விடிந்ததும் வரம்பில் குந்தியிருந்தார். அம்மா கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. அதைத்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்த பெரிய சொல் ஒன்றையும் கிட்ட விடவில்லை. அவளுக்குச் சொல்லாமல் தபாலில் போட்டேன்.

நாள் போகப் போக நானே அதை மறந்துவிட்டேன். ஒருநாள் பஸ் நிற்கும் சந்தியிலிருந்து அவள் பேப்பரோடு ஓடிவந்தாள். சேலை முழுக்கச் செம்மண் புழுதி.

"அக்கா! வந்திட்டுது! உங்கட கட்டுரை வந்திட்டுது!"

அவள் கண் கலங்கியிருந்தது. பொய்ச் சந்தோசம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. அவளுடையது வந்த நாளில் நான் எப்படி இருந்தேன்!

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "உங்கட ஐயாவை எனக்குக் கண்ணுக்கு முன்னால தெரியுது" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "கடைசி வசனம் மட்டும் தேவையில்லை எண்டு நினைக்கிறன். குறை நினைக்காதேங்கோ."

விதியைப் பற்றி ஒரு வசனம் முடிவில் வைத்திருந்தேன். அவள் சொன்னது சரி. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"உமக்கு எப்பிடி இதெல்லாம் தெரியுது?" என்று கேட்டேன். குரலில் இருந்த புளிப்பை மறைக்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷ் சொல்லே கொஞ்சம்தானே அக்கா. அதை வைச்சுத்தான் சமாளிக்க வேணும். நீங்கள் கதைக்கேக்க, அந்தச் சொல்லெல்லாம் எனக்கு வராதோ எண்டு எவ்வளவு எரிஞ்சனான் தெரியுமே?"

என் கட்டுரை அச்சில் வந்ததைவிட அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. இன்னொருதரம் சொல்லமாட்டாளா என்று இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவளுடையது இன்னொன்று வந்தது. சந்திக் கடையில் நின்றபடியே வாசித்தேன். நண்டு வலையில் சிக்கிய தகப்பனின் கையைப் பற்றி எழுதியிருந்தாள். நன்றாக இருந்தது. வயிறு பழையபடி எரிந்தது. விடுதிக்குப் போய், "நல்லாயிருக்கு" என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.