எந்த ஓம், மாஸ்டர்?

செய்தி வந்தபோது நான் வளவில் இல்லை. கண் பரிசோதனைக்காகக் கொழும்பில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காலைத் தேநீர் நேரத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "மாஸ்டர், தாத்தா போயிட்டாங்க. பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம்" என்றாள். "தாத்தா போயிட்டா" என்று மகளிடம் சொன்னேன். "ஆற்றை தாத்தா, அப்பா?" என்று யாரோ ஒருவரின் பாட்டனாரை நினைத்து அவள் கேட்டாள். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். முடிக்காமலே பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்தபோது பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. பௌசியா தாத்தாவை அடக்கி முடித்திருந்தார்கள்.

அவரைப் பற்றி எழுதத் தகுதியானவன் நான்தானா என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அவரோடு சிரித்துப் பேசியவர்கள் வளவில் பலர். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தவன்.

வளவில் இருக்கும் உங்களுக்காகவே எழுதுகிறேன். ஆனாலும் வளவை அறியாதவர் கையிலும் இது கிடைக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து கட்டுகஸ்தோட்டை மலைச்சரிவில் ஒரு காணி வாங்கி, ஒரே முற்றத்தைப் பார்த்தபடி சிறு சிறு வீடுகள் கட்டிக்கொண்டோம். வீட்டுக்கு வீடு அடுப்பு உண்டு. ஆனாலும் நடுவில் ஒரு பொதுக் குசினியும் கூடமும் இருக்கின்றன. இரவுச் சாப்பாடு அங்கேதான். முறை வைத்துச் சமைப்போம். எல்லாரும் உண்ணும்படி அந்த அடுப்பில் மரக்கறி மட்டும். கூட்டத்தில் கை தூக்கி எண்ணும் வழக்கம் இல்லை. எல்லாரும் சம்மதிக்கும்வரை எதுவும் முடிவாகாது. இந்த ஏற்பாடு முழுவதும் பௌசியா தாத்தாவின் யோசனை. குசினிச் சாவியும் அவருடைய சால்வை முனையில்தான் முடிந்து கிடக்கும்.

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற என்னைவிட அவர் இளையவர். அவரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் முதல் வருடம் முழுவதும் பெயர் சொல்லாமலே பேசிச் சமாளித்தேன். ஒருநாள் அவரே பிடித்துவிட்டார். "மாஸ்டர், நான் ஒங்களுக்கு எளயவதான். ஆனா இந்த வளவுக்கு நான்தான் மூத்த. தாத்தா எண்டே கூப்பிடுங்க. வாய் சுடாது."

குறையில்லாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். பிறர் கழுவிய பாத்திரத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. செல்வியின் கணவர் முருகேசு கழுவிக் கவிழ்த்த சோற்றுப் பானையைத் தாத்தா அவர் கண்முன்னே எடுத்து மறுபடி தேய்த்தார். "கோவிச்சிக்காதீங்க தம்பி. நீங்க கழுவின பானய நான் கழுவல்ல. அதுல ஒட்டிக் கிடக்கிற சோத்தத்தான் கழுவுறன்" என்றார். முருகேசு விடவில்லை. "அப்ப அடுத்த வாட்டி சோத்த மட்டும் தனியா எடுத்து வச்சிர்றேன் தாத்தா. நீங்க ஆற அமரக் கழுவுங்க." அன்று சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை.

அந்தக் குசினியை மூடிவிடலாம் என்ற யோசனை ஒரு கூட்டத்தில் வந்தது. இரவில் சாப்பிட வருவோர் குறைந்திருந்தார்கள். கூடத்தை அறைகளாகப் பிரித்தால் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று முருகேசு தெளிவாக எடுத்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான், "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆம் என்பதற்கு ஓம் என்போம்; அங்கே பிறந்தவனுக்கு அது மூச்சு விடுவதைப் போன்றது. முருகேசு மகிழ்ந்துபோனார். "மாஸ்டரே சரின்னுட்டாரு. அப்ப எல்லாருக்கும் சம்மதம். முடிஞ்சிச்சிங்க."

மனைவி இறந்த பிறகு பிறரோடு சேர்ந்து உண்ண எனக்கு இருந்தது அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான். அதை நானே சம்மதித்து மூடிவிட்டேன் என்பது விளங்கியும் வாய் திறக்கவில்லை.

கண்ணை மூடியபடி கதிரையில் சாய்ந்திருந்த பௌசியா தாத்தாவைத் தூங்குகிறார் என்றே எண்ணியிருந்தோம். "பொறுங்க. அது ஓம் இல்ல" என்றார் அவர். எல்லாரும் திரும்பினார்கள். "மாஸ்டர்கிட்ட ரெண்டு ஓம் ஈக்குது. ஒண்டு, கேட்டுக்கிட்டு ஈக்கிறன் எண்ட ஓம். மத்தது, சரி எண்ட ஓம். இது மொதல் ஓம்." கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அடுத்த கூட்டத்துல மாஸ்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒண்டும் முடியல்ல."

மறுநாள் தாத்தா குசினி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். "எல்லாருக்கும் விருப்பமெண்டா நான் ஏன் குறுக்க நிற்பான்?" என்றேன். துருவுவதை நிறுத்தாமலே சொன்னார்: "குறுக்க நிக்கத்தானே கூட்டம் வெச்சிருக்கோம். தலையாட்ட மட்டும் ஆள் வேணுமெண்டா கடையில ஒரு பொம்ம வாங்கி வெச்சிருப்பேனே."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். முன்னரே மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "குசினியை மூட எனக்குச் சம்மதமில்லை. என்ரை வீட்டில ரெண்டு கதிரை கிடக்கு. ஒண்டில இருந்து சாப்பிடேக்க மற்றக் கதிரைதான் கண்ணில படுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் பேசியவர் முருகேசுதான். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாஸ்டர். நான் என்ன வேத்தாளா?" என்றார். அறைகள் பற்றிய பேச்சு அதோடு நின்றது. அந்த வாரம் அவரும் செல்வியும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருநாளும் தவறவில்லை. அன்றுமுதல் கூட்டத்தில் நான் ஓம் என்றால் போதும், நீங்கள் எல்லாரும் ஒரே குரலில், "எந்த ஓம், மாஸ்டர்?" என்று கேட்பீர்கள். நான் முழு வாக்கியமாகச் சொல்லும்வரை விடமாட்டீர்கள். தாத்தா கண்ணை மூடியபடி புன்னகைப்பார்.

அவர் இல்லாமல் கூடிய முதல் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய மகன் கொடுத்த சாவியை முருகேசு மேசையில் வைத்தார். குசினியை இனி யார் பார்ப்பது என்று கேட்டார். சாய்வதற்கு ஆளில்லாமல் தாத்தாவின் கதிரை சுவரோரம் கிடந்தது. "ஓம்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. முருகேசு மட்டும் மெதுவாக, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்: "எந்த ஓம், மாஸ்டர்?"

"குசினிச் சாவியை நான் வைத்திருக்க எனக்குச் சம்மதம்" என்றேன்.

சால்வை இல்லாததால் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தாத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தச் சாவியும் அந்த முழு வாக்கியமும். நேற்றிரவு பானையைக் கழுவியவர் முருகேசு. அவர் போனபின் நான் அதை எடுத்து மறுபடி தேய்த்தேன். சோறு ஒட்டித்தான் கிடந்தது.