சாயம் இறங்கிய மேஜை

பெரியகருப்பன் 1957ஆம் ஆண்டு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். 1989 சித்திரையில் மனைவி பாண்டியம்மாளுடன் திருப்பூருக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் நிட்டிங் மெஷின்களின் மரப்பெட்டிகளை உடைப்பது அவருடைய முதல் வேலை. உடைத்த பலகைகளைக் கொண்டு கட்டிங் டேபிள் செய்யப் பழகியது 1991இல். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் பனியன் கம்பெனிகளுக்கு கட்டிங் டேபிள், செக்கிங் டேபிள், தையல் மெஷின் ஸ்டாண்டு ஆகியவற்றைச் செய்து கொடுத்தார். 2006 ஆகஸ்டில், மங்கலம் சாலையில் குடியிருந்த ஏற்றுமதியாளர் தங்கராஜ், தம் வீட்டின் அலுவலக அறைக்கு மேஜை ஒன்று செய்வதற்காக அவரை அழைத்தார். மேஜைக்குத் தேர்ந்தெடுத்த மரம் ஆப்பிரிக்கப் படாக் என்ற சிவப்பு மரம்.

அந்த ஆண்டு பெரியகருப்பனுக்கு இடுப்பு கைவிட்டுவிட்டது. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டை முதுகில் சாய்த்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினால், இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. காலையில் பாயிலிருந்து எழுவதற்கே ஒருபக்கமாகப் புரண்டு, முழங்காலை ஊன்றி, சுவரைப் பிடித்தாக வேண்டும். ஆகவே மரத்தைப் பற்றி தங்கராஜ் சொன்னவை அவர் காதில் பாதிதான் விழுந்தன. முழுதாக விழுந்தது கடைசியில் சொன்னது.

"மேஜைய நல்லபடியா முடிச்சுக் குடுங்க மேஸ்திரி. அப்புறம் நம்ம கம்பெனியிலயே இருந்துக்கலாமுங்க. மெயின்டனன்ஸுக்கு ஒரு ஆளு வேணும். ஸ்டாண்டு ஆடுனா பாக்கறது, ஸ்குரு முடுக்கறது, அவ்வளவுதான். மத்த நேரம் ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கலாம்."

அன்று மாலை அவர் இதைச் சொன்னபோது பாண்டியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை. பகலெல்லாம் நின்று கால் வீங்கியிருந்தது.

"ஃபேனுக்கு அடியிலயா? பாத்துங்க, சளி புடிச்சுக்கிறப் போகுது."

"கிண்டல் பண்ணாத. மாசச் சம்பளம், ஈஎஸ்ஐ எல்லாம் உண்டுங்கிறாரு."

"மொதல்ல மேசைய முடிங்க. அவுக வாயில வந்ததெல்லாம் கையில வரட்டும்."

கேலியாகச் சொன்னாலும், அன்று அவள் தைல பாட்டிலை எடுத்து அவர் இடுப்பில் நெடுநேரம் தேய்த்துவிட்டாள். இனி மாடி ஏறாத ஒரு வேலை கிடைக்கும் என்பது அவளுக்கும் அவருக்கும் ஒரே அளவு ஆசையாக இருந்தது.

தம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவருடைய அலுவலகத்தில் பார்த்த மேஜையைப் போலவே வேண்டும் என்று, தூத்துக்குடி மரக்கிடங்கு வரை சென்று பலகைகளைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தார் தங்கராஜ். வீட்டின் கார் ஷெட்டில் அவை அடுக்கப்பட்டிருந்தன. பார்த்தவுடன் பெரியகருப்பனுக்குப் பச்சைச் செங்கல் சூளையில் வெந்து வந்தாற்போலத் தோன்றியது, அவ்வளவு சிவப்பு. தேக்குக்கும் வேம்புக்கும் பழகிய இழைப்புளி இதன்மேல் ஓட மறுத்தது. ஒரு திசையில் இழைத்தால் வழவழப்பாக வந்தது. அதே பலகையில் நான்கு விரல் தள்ளிப் பார்த்தால் நார் பிய்ந்து நின்றது. உளியை நாளுக்கு இரண்டு முறை தீட்ட வேண்டியிருந்தது. தூள் பறந்து வியர்வையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனால் சட்டையை முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும் போலிருந்தது.

"குங்குமக் கடையிலயா வேலை பாக்குறீக?" என்றாள் பாண்டியம்மாள்.

இந்துமதி, தங்கராஜின் மனைவி, கம்பெனியின் மெர்ச்சன்டைசிங் முழுவதையும் கவனித்துக்கொண்டவர். மேஜை உண்மையில் அவருக்குத்தான். பையர்களின் மெயிலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிள்களைச் சரிபார்த்து அனுப்புவது எல்லாமே இனி வீட்டிலிருந்தபடியே நடக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். கார் ஷெட் பக்கம் வந்தால் மேஜையைப் பார்ப்பதை விட மேஸ்திரியைத்தான் பார்ப்பார்.

"ஏனுங்க மேஸ்திரி, இப்படி நிமிந்து நிமிந்து உக்காந்தா எப்படிங்க? ஒரு நாள் லீவு போட்டுக்கலாமல்ல?"

"முடிச்சிட்டுப் போட்டுக்கிறேன்மா."

பாலிஷ் போடும் நாள் வந்தது. கட்டிங் டேபிளுக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை; அதனால் அவருக்கு அதில் கை அதிகம் ஓடியதில்லை. திருப்பூரில் எல்லோரும் செய்வது போல வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணியை உருண்டையாகச் சுருட்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் நனைத்துத் தேய்த்தார். முதல் தேய்ப்பிலேயே வேஸ்ட் சிவந்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்த்தார். பாலிஷில் அவர் எந்தக் கலரும் சேர்க்கவில்லை. மரத்தில் ஒட்டியிருந்த தூசியாக இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அப்படி நினைத்தாரா, அப்படி நினைத்தால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை என்பதால் நினைத்தாரா என்பதைப் பிறகு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வேறொரு வேஸ்டை எடுத்தார். அதுவும் சிவந்தது. இன்னொன்றை எடுத்தார். மாலைக்குள் மேஜை கண்ணாடி போலப் பளபளத்தது. தங்கராஜ் அதைச் சுற்றி வந்து, கையால் தடவிப் பார்த்து, "பையரு ஆபீஸ் தோத்துப் போச்சுங்க" என்றார்.

பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது.

பெரியகருப்பன் அறைக்குள் நுழைந்தபோது மேஜையின் நடுவில் ஒரு குழந்தையின் வெள்ளைச் சட்டை கிடந்தது. மாலை கூரியரில் பையருக்குப் போக வேண்டிய அப்ரூவல் சாம்பிள் அது. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கறை. என்ன நடந்தது என்று இந்துமதி சொன்னார். சட்டையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு பொட்டு இருந்தது. செக்கிங் பெண்கள் தினமும் செய்வதுபோல அவரும் கறை எடுக்கும் லிக்விடை அதன்மேல் ஊற்றித் தேய்த்தார். எண்ணெய் போய்விட்டது. லிக்விட் துணி வழியாக இறங்கி, அரக்கைக் கரைத்து, மரத்தின் சிவப்பை உறிஞ்சி மேலே கொண்டுவந்துவிட்டது.

"ஊட்டுக்குள்ளயே டையிங் யூனிட் வெச்சுக் குடுத்திருக்கீங்க மேஸ்திரி" என்றார் தங்கராஜ். "பொல்யூஷன் போர்டுல பர்மிஷன் வாங்கியாச்சுங்களா?"

இந்துமதி அலமாரியிலிருந்து வெள்ளைத் துணித் துண்டுகளை எடுத்தார். சாயத் துணி வந்தால் எப்படிச் சோதிப்பாரோ அப்படியே மேஜையையும் சோதித்தார். முதலில் உலர்ந்த துணியால் தேய்த்தார், வெள்ளையாகவே இருந்தது. பிறகு தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். அப்போதும் ஒன்றும் ஒட்டவில்லை. மூன்றாவது துண்டை லிக்விடில் நனைத்து ஒருமுறை இழுத்தார். அது சிவப்பாக வந்தது.

"டிரை பாஸ். வெட் டெஸ்ட்டும் பாஸ். இதுல ஃபெயிலுங்க."

"இது மேஜையா, சாயத் துணி லாட்டா?" என்று மனைவியிடம் சீறினார் தங்கராஜ். "ரிஜெக்ட் பண்ணி டையிங்காரனுக்குத் திருப்பி அனுப்பறதுக்கு?"

அப்போதுதான் பெரியகருப்பன் பேசினார். "பாலிஷ் போடுறப்பவே வேஸ்ட்ல செவப்பு வந்துச்சுங்க. தூசின்னு நெனச்சிட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கோணுமல்லங்க?"

"இடுப்பு வலிங்க மொதலாளி. முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு."

தங்கராஜ் ஏதோ கடிந்து சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி ஒரு கையை மேஜை விளிம்பில் ஊன்றி நின்ற நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. மேற்பாலிஷைச் சுரண்டிவிட்டு வேறு பாலிஷ் போட வேண்டும் என்றார். மேஜையை வெளியே தூக்குவதற்கு ஆள் இல்லை. பெரியகருப்பன் அந்த அறையிலேயே மண்டியிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் மேற்பலகை முழுவதையும் சுரண்டினார். வார்னிஷ் போட்டார். காய்ந்ததும் தாமே லிக்விடை ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. சாயம் மேலே பூசியதாக இருந்தால்தானே சுரண்டினால் போகும்? அந்த மரத்தின் உள்ளும் புறமும் சாயம்தான்.

"கண்ணாடி போட்டுரலாமுங்க" என்று முடித்துவிட்டார் இந்துமதி.

"கண்ணாடி போட்டா பேங்க் மேனேஜர் டேபிளாட்ட ஆயிருமே!"

"ஆகட்டுங்க. வேலை செய்யப் போறது நானு."

கண்ணாடி வந்தது. சாம்பிள்கள் அதன்மேல் வெள்ளையாகவே கிடந்தன. மெயின்டனன்ஸ் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியகருப்பன் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சில் அமர்ந்தார். வெகுநேரம் எழவில்லை. களைப்பா, எழுந்து போவதற்கு இடமில்லாததா என்று கடைக்காரருக்குத் தெரியாது. அவர் இரண்டாவது டீயைக் கேட்காமலே வைத்தார்.

"நேரா போயி ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் அன்றிரவு பாண்டியம்மாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?"

"இருக்கிற மூஞ்சியத்தான். வேற மூஞ்சிக்கு எங்க போறது?"

அவர் கேட்கவில்லை. ஐப்பசியில் மடத்துக்குளத்துக்காரர் சிவசுப்பிரமணியம் என்பவரை அந்த வேலைக்கு எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. பெரியகருப்பன் மறுபடியும் பிளைவுட்டைச் சுமந்து மாடி ஏறினார். மழைக்காலத்தில் இரண்டு வாரம் படுக்கையிலேயே கிடந்தார்.

திருப்பூரில் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்புவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் பொங்கல் முடிந்த மறுவாரம் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டரைத் தொடும். 2007 பொங்கலுக்கு ஊருக்குப் போன சிவசுப்பிரமணியம் திரும்பவில்லை. ஜனவரி 24 அன்று காலை இந்துமதி போன் செய்தார்.

"மேஸ்திரி, அந்த வேலை காலியாத்தான் இருக்குது. வர்றீங்களா?"

"மொதலாளி என்ன சொல்றாரும்மா?"

"அவருதானுங்க கூப்பிடச் சொன்னாரு. ஆளு கெடைக்கல."

மறுநாள் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். பாண்டியம்மாள் வாசல் வரை வந்து நின்றாள். கேலி எதுவும் செய்யவில்லை. கம்பெனியில் இந்துமதி அவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார்.

"ரெண்டு ஃப்ளோர்லயும் ஒருக்கா சுத்தி வந்துருங்க. போன ஆளு இருந்தும் மூணு மாசமா எதையும் தொடலீங்க. தையக்காரங்க தெனமும் ஸ்டாண்டு ஆடுதுன்னு கத்தறாங்க."

பெரியகருப்பன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினார். வரிசை வரிசையாக ஒவ்வொரு ஸ்டாண்டையும் கை வைத்து ஆட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டே நடந்தார். உணவு இடைவேளை மணி அடிக்கும்போது மேல்தளத்தின் கடைசி மூலைக்கு வந்து சேர்ந்தார்.

கட்டிங் டேபிள் பதினொன்று. மெஷின் ஸ்டாண்டு இருநூற்றுப் பதினாறு, அவற்றில் ஆடுபவை நூற்று நாற்பத்து மூன்று.