பழைய வீட்டுச் சாவி

பக்கத்தைப் புதுப்பிக்கும் விசையை மறுபடியும் அமுக்குகிறார் ஆர்விட் காலியோ. திரையில் பக்கம் ஒருமுறை வெளுத்துத் திரும்பி வருகிறது. மோவாயைச் சொறிந்துகொண்டு இன்னொரு தடவை அமுக்குகிறார். ஒரு பார்வையில் எதையும் நம்புகிற ஆள் அல்ல அவர். விசைப்பலகையில் அந்த ஒரு விசையின் எழுத்து மட்டும் தேய்ந்து மழுங்கிவிட்டது. "அந்த பட்டனுக்கு வாய் இருந்தா போலீசுக்குப் போயிருக்கும்" என்று அவர் மனைவி மார்னி கேலி செய்வதுண்டு. இப்போதெல்லாம் செய்வதில்லை.

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் இணையதளங்களைக் குடிமாற்றி வைப்பது ஆர்விட்டின் பிழைப்பு. பல் மருத்துவர் தன் கிளினிக்கின் பெயரை மாற்றினாலும், லூத்தரன் தேவாலயம் வேறு இணைய முகவரிக்குப் போனாலும் அவருக்குத்தான் போன் வரும். அவர் பேச்சில் எல்லாமே வீடுதான். பழைய முகவரி பழைய வீடு. புதியது புது வீடு. பேக்கப் என்பது லாரியில் ஏற்றிய சாமான். எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடுவார்: "புது வீட்ல விளக்கு எரியுதேன்னு பழைய வீட்டுச் சாவியக் குடுத்துடாதீங்க. கரண்டு எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

அதைப் பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பழைய முகவரிக்குப் போகும் பாதையைத் தன் கணினியில் அடைத்துவிட்டு, புதுத் தளத்தைத் திறப்பார். ஏதாவது படம் காணாமல் போனால், அது இன்னும் பழைய வீட்டிலிருந்துதான் வருகிறது என்று அர்த்தம். அவசரப்படுத்துகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து, இதைச் செய்யாமல் விட மாட்டார். ரோனா ஹெக்மன் வந்த அன்று மட்டும் விட்டார்.

ரோனாவின் மகன் டெரிக் ஏரியில் ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தவன். போன வருஷம் பனிக்காலம் தொடங்குமுன் படகு கவிழ்ந்தது. அவன் போனும் அவனோடு போயிற்று. மிச்சம் இருந்தது அவனே கட்டிய இணையதளம். அவன் எடுத்த படங்கள் எல்லாம் அங்கேதான், வேறெங்கும் இல்லை. அந்த முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லி அவன் பெயருக்கு வரும் அறிவிப்புகள், அவன் இரண்டாவது எண்ணாகக் கொடுத்திருந்த ரோனாவின் போனுக்கு வந்துகொண்டிருந்தன. அன்புள்ள டெரிக், உங்கள் பெயர் விரைவில் காலாவதியாகிறது.

"இத நிறுத்துங்க ஆர்விட். படமெல்லாம் என் பேர்ல இருக்கட்டும். இது மட்டும் இனி வரக் கூடாது."

மாற்றிக் கொடுத்தார். புது முகவரியில் படங்கள் அத்தனையும் பளிச்சென்று வந்து நின்றன. ரோனா அழுதுகொண்டே சிரித்தாள். பழையதை இப்போதே, தன் கண் முன்னால் மூடிவிடச் சொன்னாள். இன்னொரு நாள் பொறுங்கள் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆர்விட்டுக்கு வாய் வரவில்லை. மூடினார். காட்டரிசியும் கோழியும் போட்டுச் சுட்ட, ஹாட்டிஷ் என்கிற அந்த ஊர்ச் சாப்பாட்டைக் கண்ணாடிப் பாத்திரத்தோடு மேஜையில் வைத்துவிட்டுப் போனாள் ரோனா.

மூடிய வீடு முழுதாக அழியச் சில நாள் பிடித்தது. அப்புறம் ரோனாவிடமிருந்து போன் வந்தது. படம் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டமாக இருக்கிறதாம். ஆர்விட் பேக்கப் லாரியைத் திறந்து பார்த்தார். எழுத்து மட்டும் இருந்தது. படங்களின் கோப்புறை பெரிதாக இருந்ததால் பேக்கப் அதைத் தாண்டிப்போய், கூசாமல் 'முடிந்தது' என்று சொல்லியிருந்தது. விளக்கு எரிந்தது பழைய வீட்டுக் கரண்டில். அந்த வீட்டை அவரே இடித்துவிட்டார். பழைய நிறுவனத்துக்கு எழுதினார், கெஞ்சினார். அழித்தது அழித்ததுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்ததில், ஆளில்லாத படகின் படம் ஒன்று தபால்தலை அளவில் கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரம் மேஜையிலேயே கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கிற தைரியம்கூட அவருக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை ரோனா அதை வாங்க வந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். வெள்ளைக் கட்டங்களுக்குள், படத்துக்கு டெரிக் எழுதிவைத்த வரிகள் மட்டும் நின்றன. ஒன்றை வாய்விட்டுப் படித்தாள்.

"அம்மா பிடிச்ச முதல் மீன். பொய், நான்தான் பிடிச்சேன்."

அந்தக் கட்டத்தை விரலால் தொட்டு, "இதுல நான் சிவப்புத் தொப்பி போட்டிருந்தேனா, நீலமா?" என்று கேட்டாள். "இப்பவே மறந்துபோச்சு. நீங்க பாத்தீங்கல்ல?"

ஆர்விட் பார்த்திருந்தார். கரண்டு வருகிறதா என்று பார்த்தாரே தவிர, தொப்பியைப் பார்க்கவில்லை. "தெரியலீங்க" என்றார்.

"இன்னொரு தடவ அமுக்கிப் பாருங்களேன்."

ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். எழுத்துத் தேய்ந்த அந்த விசையில் விரலை வைத்து, அமுக்கினார்.